இரவும் இளைப்பாறலும்

பகல் முழுவதும் பிறருக்காக உழைக்கும் மனிதனுக்குத் தன்னுடையதென்று சொல்லிக்கொள்ள எஞ்சுவது இரவுப் பொழுது ஒன்றே. அந்தப் பொழுதை அவன் எங்கே கழிக்கிறான், யாரோடு கழிக்கிறான், அவ்வேளையில் ஊரார் அவனை எந்தக் கண்கொண்டு நோக்குகின்றனர் என்பவற்றைக் கொண்டே ஒரு நகரத்தின் நாகரிகத்தை அளந்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். மாளிகைகளின் உயரத்தையும் வீதிகளின் தூய்மையையும் யாரும் பகலிலேயே கண்டு வியக்கலாம். அவற்றைக் கட்டியவனும் கூட்டியவனும் இளைப்பாறும் இடத்தைக் காண வேண்டுமாயின் இருட்டிய பிறகுதான் புறப்பட வேண்டும். சிங்கப்பூரில் அதற்காக நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. வடகிழக்கு ரயில் பாதையில் இரண்டு நிலையங்கள் பிரயாணம் செய்தால் போதும்.

நான் கிளமெண்டியில் வசிப்பவன். ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, உத்தியோகத்தின் பொருட்டு இந்நகரம் வந்து சேர்ந்தவன். ஆதலின் நானும் இங்கே அயலானே. கிளமெண்டி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1970களில் எழுப்பிய குடியிருப்புப் பேட்டை. 1988இல் ரயில் வந்த பிறகு நகரோடு நெருங்கிவிட்டது. மாலையில் அடுக்குமாடிகளின் அடியிலுள்ள காப்பிக்கடைகளில் சீனப் பெரியவர்கள் சிலர் பீர்ப் போத்தலை நடுவில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசியிருப்பர். அடுத்த மேசையில் பிள்ளைகளோடு ஒரு மலாய்க் குடும்பம் இருக்கும். தமிழர் கடையில் பரோட்டாத் தட்டும் ஓசை கேட்கும். இவர்கள் இளைப்பாறுவதை ஒரு பிரச்சினை என்று எவரும் சொன்னதில்லை. வீட்டுக்கு அருகில் உட்கார்ந்திருப்பவன் ஊர்க்குடிமகன். அவன் உட்காருவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை.

அதே நேரத்தில், பேட்டையின் தெற்கே செல்லும் ஆயர் ராஜா விரைவுச்சாலையில் லாரிகள் மேற்கு நோக்கி ஓடிக்கொண்டிருக்கும். சில லாரிகளின் பின்புறத்தில் சாமான்களோடு சாமானாக மனிதர் அமர்ந்திருப்பர். கட்டடவேலை முடித்து, ஜூரோங்கிலும் துவாஸிலுமுள்ள தங்குவிடுதிகளுக்குத் திரும்புகிற தொழிலாளர் அவர்கள். தமிழ்நாட்டார் உண்டு, வங்காள தேசத்தார் உண்டு. என் தூரத்து உறவினனான ஓர் இளைஞனும் அவ்வாறு போகிறவர்களுள் ஒருவன். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கடன்பட்டு வந்தவன். ஜூரோங்கில் ஒரு விடுதியில் தங்கியிருக்கிறான்.

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை மாலை சிலர் கூடிக் கிளார்க் கீக்குப் போவது வழக்கம். அழைக்கும்போது நானும் செல்வதுண்டு. அக்கூட்டத்தில் ஓர் ஆங்கிலேயர், ஓர் ஆஸ்திரேலியர், சென்னைப் பொறியாளர் ஒருவர், நான் ஆகிய நால்வரும் அயல்நாட்டாரே. ஆற்றங்கரை நெடுகிலும் வண்ண விளக்குகள், கடைதோறும் இசை. நள்ளிரவு நெருங்க நெருங்கக் குரல்கள் உயரும், சிலர் தள்ளாடுவர், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு வாந்தியெடுப்பாரும் உளர். ஒரு கோப்பை பீருக்கு அங்கே கொடுக்கும் விலை, புதிதாய் வந்த தொழிலாளி ஒருவனுடைய ஒரு நாள் அடிப்படைக் கூலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். சுற்றுலா விளம்பரங்கள் இதனை நகரின் இரவு வாழ்க்கை என்று பெருமையோடு போற்றுகின்றன.

அந்த ஆற்றின் பூர்வோத்தரம் நம்மவர் அறிய வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே சரக்குத் தோணிகள் செலுத்தியவர்களில் பெரும்பாலோர் சூலியர் எனப்பட்ட தென்னிந்தியர். படகுத்துறைக்கு அருகில் இன்றும் சூலியா தெரு என்றொரு தெரு இருக்கிறது. பின்னர் அத்தொழில் சீனர் கைக்கு மாறியது. 1977 முதல் 1987 வரை ஆறு துப்புரவு செய்யப்பட்டது. அதனிடையே 1983இல் தோணிகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. பழைய கிடங்குகள் புதுக்கப்பெற்று, கிளார்க் கீ 1993இல் உல்லாசத் துறையாயிற்று. தமிழன் மூட்டை சுமந்த கரையில் இன்று தமிழ்ப் பொறியாளர் நாற்காலியிட்டு அமர்கிறார். அது மகிழத்தக்கதே. ஆனால் மூட்டை சுமக்கும் தமிழன் இன்று எங்கே அமர்கிறான்?

கிளார்க் கீயில் ரயிலேறினால் அடுத்தது தோபி காட். அதற்கடுத்தது லிட்டில் இந்தியா, நம்மவர் நாவில் தேக்கா. ஞாயிறு மாலையில் அங்கே இறங்குவோருக்கு நடக்க வழி கிடைப்பதே அரிது. என் உறவினனோடு அக்கூட்டத்தில் நான் பலமுறை சுற்றியிருக்கிறேன். ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வரிசை. முடிவெட்டும் கடையில் வரிசை. வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசை. தங்கையின் திருமணத்துக்கென்று நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று விலை பார்ப்பவர் ஒருபுறம். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்துப் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோர் ஒருபுறம். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை. கைப்பேசித் திரையில் அக்குழந்தை "அப்பா" என்னும்போது, சுற்றியிருக்கும் இரைச்சலுக்காக ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவன் சிரிப்பான். சென்னைப் பொறியாளரின் மனைவி மக்கள் இங்கேயே அவரோடு இருக்கின்றனர். அவருடைய வேலைச் சீட்டும் வருவாயும் அதற்கு இடந்தருகின்றன. தொழிலாளியின் வேலை அனுமதிச் சீட்டு குடும்பத்தை அழைத்துவர இடந்தருவதில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைத் தேக்காதான் அவனுக்கு வீடு, சந்தை, சாவடி எல்லாம்.

விடுதிக்கு அருகில் அரசாங்கத்தார் பொழுதுபோக்கு நிலையங்கள் கட்டிக் கொடுத்திருக்கின்றனரே, அங்கே போகலாகாதா என்று ஒருநாள் கேட்டேன். "அண்ணே, அங்கே கடையும் இருக்கிறது, விளையாட்டுத் திடலும் இருக்கிறது. ஆனால் வாரம் முழுவதும் பார்த்த முகங்களைத்தானே அங்கேயும் பார்க்க வேண்டும்? தேக்காவுக்கு வந்தால்தான் எங்கள் ஊர் ஆளைப் பார்க்கலாம்," என்றான். மனிதனுக்கு வேண்டுவது இடம் மட்டுமன்று, தானாகத் தேர்ந்துகொள்ளும் இடம் என்பதை இதைவிடத் தெளிவாக எடுத்துரைக்க என்னால் இயலாது.

2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு இதே ரேஸ் கோர்ஸ் சாலையில், விடுதிக்குத் திரும்பும் தனியார் பேருந்தின் சக்கரத்தில் சிக்கி, மதுவருந்தியிருந்த 33 வயதுத் தமிழ்த் தொழிலாளி ஒருவர் மாண்டார். அதைத் தொடர்ந்து கலகம் மூண்டது. காவல் வண்டிகளும் ஆம்புலன்சும் தீக்கிரையாயின. நாற்பதாண்டுகளுக்கு மேலாக இந்நகரம் கலகம் என்பதைக் கண்டதில்லை. சிலர் மீது வழக்குத் தொடரப்பட்டது. ஐம்பதுக்கு மேற்பட்டோர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஓய்வுபெற்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரித்த குழு, விபத்தைப் பற்றிய தவறான எண்ணமும் மதுமயக்கமும் கலகத்துக்கு முக்கிய காரணங்கள் என்று 2014இல் அறிவித்தது. 2015 ஏப்ரல் முதல் நாள் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு பத்தரை மணிக்கு மேல் காலை ஏழு மணி வரை பொது இடங்களில் மதுவருந்துவது தீவெங்கும் விலக்கப்பட்டது. தேக்காவிலோ சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணி வரை முற்றிலும் விலக்கு. கிளார்க் கீயை ஒட்டிய ரீட் பாலத்தில் மலிவு மதுவோடு கூடியிருந்த இளைஞரும் இச்சட்டத்தால் கலைந்தனர் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் உரிமம் பெற்ற கடைக்குள் நாற்காலிக்கு விலை கொடுக்க வல்லவனுக்குப் பத்தரை மணி ஒரு மணியே அன்று.

இதைக் கண்டு, நான் குடிக்குப் பரிந்து பேசுகிறேன் என்று எவரும் கருதவேண்டாம். தோட்டத்தில் வளர்ந்தவனுக்குக் குடியின் கொடுமையை எவரும் போதிக்கத் தேவையில்லை. எங்கள் பாட்டனார் பால் வெட்டியவர். சம்பள நாளில் பாட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கள்ளுக்கடைப் பாதையில் காத்து நின்று, அவர் கையிலிருந்து காசைப் பறிக்கப் போராடிய கதையை எங்கள் வீட்டில் கேட்காத பிள்ளையில்லை. சம்பளம் கொடுக்கும் தோட்டமே கள்ளுக்கடைக்கும் இடம் கொடுத்திருந்தது. குடியை ஒழிக்க வேண்டும் என்று மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சீர்திருத்தக்காரர் மேடைதோறும் முழங்கினர். அம்முழக்கத்தில் எள்ளளவும் குறைக்க நான் விரும்பேன்.

ஆயினும் அன்று அம்முழக்கம் எதனோடு சேர்ந்து ஒலித்தது என்பதை மறக்கலாகாது. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுக என்பது அவர்களுடைய கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. அக்கோரிக்கையைத் துரை எழுதவில்லை, தொழிலாளரே எழுதினர். ஆனால் அதே தாளில் நியாயமான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். மருத்துவ வசதி கேட்டனர். துரையைக் கண்டவுடன் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் இழிவான கட்டாயத்தை ஒழிக்கச் சொன்னார்கள். குடியை விடுவதும் தலைநிமிர்வதும் அவர்களுக்கு ஒரே காரியமாயிருந்தன. வேலைநிறுத்தம் துப்பாக்கி கொண்டு அடக்கப்பட்டது, ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். எனினும் அக்கோரிக்கைத் தாளின் நீதி மாளவில்லை. குடியைத் தடுக்கும் கை, கூலியையும் குடும்பத்தையும் மானத்தையும் பற்றிய மற்ற வரிகளை மறைத்துக்கொண்டால், சீர்திருத்தத்தில் பாதியை நிறுத்திவிட்டு மீதியை மட்டும் நடத்துவதாகும்.

2020இல் கொள்ளை நோய் வந்தபோது தங்குவிடுதிகளின் கதவுகள் அடைபட்டன. நெருங்கிய அறைகளில் நோய் காட்டுத்தீயாய்ப் பரவிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வெளியிடப்பட்ட அரசாங்கக் கணக்கின்படி, விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினரை நோய் தொட்டிருந்தது. கிளமெண்டிவாசிகளாகிய நாங்கள் சில மாதங்களில் காப்பிக்கடைக்குத் திரும்பிவிட்டோம். தொழிலாளருக்கோ விடுதியைவிட்டு வெளியே போக அனுமதி பெற வேண்டும் என்ற நிலை நெடுநாள் நீடித்தது. 2022 ஜூனில் அது நீங்கியபோதும், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் தேக்கா முதலிய நான்கு இடங்களுக்குச் செல்லத் தனிச் சீட்டு வேண்டும் என்று விதிக்கப்பட்டது. என் உறவினன் அச்சீட்டைக் கைப்பேசியில் எனக்குக் காட்டினான். சந்தைக்குப் போகச் சீட்டு வாங்கிய மனிதனை அன்றுதான் முதன்முறையாகக் கண்டேன்.

அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். நம்மைப் பற்றியும் சொல்லாவிடில் இக்கட்டுரை நேர்மையுடையதாகாது. எங்கள் மாடியில் குடியிருக்கும் தமிழம்மையார் ஒருவர், மின்தூக்கியில் என்னிடம், "ஞாயிற்றுக்கிழமை தேக்காப் பக்கம் போகவே முடியவில்லை; ஒரே ஊர்க்காரர் கூட்டம்," என்று அலுத்துக்கொண்டார். அவர் நல்லவர், தீபாவளிக்கு எனக்கு முறுக்குக் கொடுப்பவர். அவர் வாயில் அச்சொல் எவ்வளவு இயல்பாக வருகிறது என்பதே கவலைக்குரியது. "ஊர்க்காரன்" என்பதன் பொருள், நம் ஊரைச் சேர்ந்தவன் என்பதன்றோ? அந்த உறவுச் சொல்லை விலக்கும் சொல்லாக நாம் எப்போது மாற்றினோம்? நம் பாட்டன்மாரை வெள்ளையரும் பிறரும் கூலி என்றும் கிள்ளிங் என்றும் அழைத்தபோது அவர்கள் நெஞ்சு குமுறிற்று. அக்குமுறலை மேடையிலே நாம் சரித்திரமாகப் பேசுகிறோம். பாட்டனார் ஏறிவந்தது கப்பல். இவன் ஏறிவந்தது விமானம். கடனும், பிரிவும், வாரம் ஒருநாள் ஓய்வும் அப்படியே இருக்கின்றன.

தோட்டத்திலும் நகரத்திலும் இதைப் படிக்கும் அன்பர்களே! சட்டத்தை மாற்றும் ஆற்றல் நம் ஒவ்வொருவரிடமும் இல்லாதிருக்கலாம். ஆனால் அளவுகோலை ஒன்றாக்கும் ஆற்றல் உண்டு. ஆற்றங்கரையில் தள்ளாடுபவனை உல்லாசி என்றும், புல்வெளியில் வெறுமே அமர்ந்திருப்பவனைக் கும்பல் என்றும் சொல்லும் நாவை முதலில் திருத்திக்கொள்வோம். நம் சங்கங்களின் விழா ஞாயிறுகளில் முன்வரிசை நாற்காலிகளில் சிலவற்றையேனும் விடுதித் தொழிலாளருக்கு ஒதுக்குவோம். அவர்களுள் பாடுவோர் உண்டு. கவிதை எழுதுவோர் உண்டு. அவர்களுக்கென்றே 2014 முதல் இந்நகரில் கவிதைப் போட்டி நடந்திருக்கிறது. அதைத் தமிழ்ச் சங்கங்களே முன்னின்று நடத்தியிருக்க வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு குடும்பம், ஒரு தொழிலாளியை வீட்டுக்கு அழைத்து ஒருவேளை சோறிட்டால், தேக்காவின் நெரிசல் குறையாமல் போகலாம். அவன் ஊரில் இருக்கும் அக்குழந்தைக்குத் திரையில் காட்ட ஒரு வீட்டின் உள்ளும், உடன் அமர்ந்து உண்ணும் மனிதரும் கிடைப்பர். என் உறவினன் அடுத்த ஞாயிறு தன் அறைத் தோழர் இருவரோடு கிளமெண்டிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மின்தூக்கியில் சந்தித்த அம்மையாரையும் அன்று சாப்பாட்டுக்கு அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.