தொட்ட தூய்மை

உசியா மன்னன் இறந்த ஆண்டில் ஏசாயா ஆலயத்திலே தேவ மகிமையைக் கண்டார். சேராபீன்களும் முகம் மூடி நின்றன. தீர்க்கதரிசி தம் அசுத்தத்தை எண்ணி நடுங்கினார். அம்மன்னனின் கதையும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஆசாரியர்க்கே உரிய தூபங்காட்டும் பணியைத் தானே செய்யத் துணிந்து ஆலயத்துட் புகுந்தபோது அவன் நெற்றியிற் குஷ்டம் தோன்றிற்று. சாகுமட்டும் தனிவீட்டில் வாழ்ந்தான். தூய்மை மனிதனை விலக்கி நிறுத்துவது என்பதே இவ்விரு நிகழ்ச்சிகளும் தரும் முதற் கருத்து. ஆயினும், பலிபீடத்துத் தழலொன்று ஏசாயாவின் உதடுகளைத் தொட்டுத் தூய்மையாக்கியதைப் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

அத்தொடுகையின் விரிவை மாற்குவின் முதலாம் அதிகாரத்திற் காணலாம். தன்னைத் தீட்டு என்று தானே கூவி ஊர்ப்புறத்தே ஒதுங்கவேண்டிய குஷ்டரோகி ஒருவன் கிறிஸ்துவை நெருங்கி மண்டியிடுகிறான். நூற்றுக்கதிபதியின் வேலைக்காரனைத் தொலைவிலிருந்தே குணமாக்கியவர், இவனைக் கை நீட்டித் தொடுகிறார். தீட்டு அவரைப் பற்றவில்லை. அவர் தூய்மையே அவனைப் பற்றியது. தேவனின் பரிசுத்தம் அஞ்சி ஒதுங்குவதன்று என்பது இங்கே சொல்லாற் கூறப்படவில்லை, விரலாற் காட்டப்பட்டது.

அதற்கு விலையும் இருந்தது. குணமானவன் செய்தியை எங்கும் பரப்பவே, கிறிஸ்து வெளிப்படையாக ஊருள் நுழைய இயலாது வனாந்தரமான இடங்களிலே தங்கினார். குஷ்டரோகி நின்ற இடம் அவருடையதாயிற்று. யோவானோ சிலுவையின் வேளையையே அவர் மகிமைப்படும் வேளை என்கிறார். அந்தச் சிலுவையும் நகரத்துக்கு வெளியேதான் நின்றது.