பொறுத்துத் தட்டினால் கதவு திறக்கும்

காஸ் பதிவு, கரண்ட் பில், காலேஜ் ஃபீஸ் எல்லாமே இப்போது செல்போனில்தான். பாதி வேலையில் 'சிறிது நேரம் கழித்து முயற்சிக்கவும்' என்று வந்து நிற்கும் பாருங்கள், அப்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே! உடனே அதே பொத்தானை நாலு தடவை அமுக்கத்தான் கை போகும்.

சென்னையில் புரோகிராம் எழுதும் வேலையில் இருக்கும் என் மூத்த பெண், இதன் உள்விவரத்தைச் சொன்னாள். பத்தாவதோடு நின்ற எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்குப் புரியாதா?

திரைக்குப் பின்னால் 'டேட்டாபேஸ்' என்று ஒரு பெரிய கணக்குப் பேரேடு இருக்கிறதாம். ஒரே சமயத்தில் இத்தனை இணைப்புகள்தான் என்று அதற்கு வரம்பு உண்டு. மைஎஸ்கியூஎல் என்ற பேரேட்டில், நாமாக மாற்றாதவரை 151தான். அதற்கு மேல் வந்தால் கதவைச் சாத்திவிடும். சில சமயம் லைனே நொடி நேரம் அறுந்துவிடும். இதெல்லாம் தானே சரியாகிற கோளாறு. அதனால் புரோகிராமே மறுபடி முயலும்படி எழுதிவிடுகிறார்கள்.

"அப்போ விடாமல் தட்ட வேண்டியதுதானே?" என்றேன்.

"அங்கேதாம்மா ஆபத்து! போன கரண்ட் வந்ததும் எல்லா ஃப்ளாட்டிலும் ஒன்றாக மோட்டார் போட்டால் என்ன ஆகும்?"

ஃப்யூஸ் போகும்! அதனால்தான் முதலில் 1 நொடி, பிறகு 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்குவார்களாம். எல்லோரும் ஒரே நொடியில் வந்து மோதாமலிருக்க, ஆளுக்குக் கொஞ்சம் முன்னே பின்னேயும் வைப்பார்களாம். சில தடவைக்குப் பிறகும் முடியவில்லை என்றால் நிறுத்திவிட்டு நம்மிடம் சொல்லிவிட வேண்டும். பாஸ்வேர்டே தப்பு என்றால் திரும்ப முயல்வதே வீண். சாவி மாறிப் போனால் நூறு தடவை திருப்பினாலும் பூட்டு திறக்குமா?

இது புதிய யுக்தியும் இல்லை. 1971-ல் ஹவாய் தீவுகளில் ரேடியோ வழியாகக் கம்ப்யூட்டர்களை இணைத்தபோதே, செய்திகள் மோதிக்கொண்டால் ஆளுக்கொரு நேரம் காத்திருந்து திரும்ப அனுப்பினார்களாம்.

போன வருஷம் என் பையனுக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள். சீட்டு எடுத்த பணம். வங்கியில் பிடித்துவிட்டார்கள், ரசீது வரவில்லை. "இன்னொரு தடவை கட்டிடட்டுமா?" என்று இவர் பதறினார். "தொடாதீங்கப்பா!" என்று போனில் அலறினாள் பெண். பணம் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாமாம். நல்ல புரோகிராம் ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒரு தனி எண் வைத்திருக்கும். அதே எண் திரும்ப வந்தால் இரண்டாம் தடவை பிடிக்காது. நாம் முதலிலிருந்து கட்டினாலோ அது புது எண், புதுப் பணம்! வயிற்றில் நெருப்போடு காத்திருந்தோம். அரை மணியில் ரசீது வந்தது.

உங்களுக்கும் இப்படி ஆனால் முதலில் வங்கிச் செய்தியைப் பாருங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிய இடத்தில் விசாரியுங்கள். யுபிஐ-யில் கடைக்கோ நிறுவனத்துக்கோ கட்டிய பணம் இப்படிச் சிக்கினால் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019-ல் உத்தரவிட்டிருக்கிறது. தனி நபருக்கு அனுப்பியது என்றால் மறுநாளே கெடு.

விடாமுயற்சி நல்லதுதான். அதற்கும் ஒரு நிதானம் வேண்டும், அவ்வளவுதான்.