மணலும் சாம்பலும்

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் சிறு கடையிலே, நம்மிடம் முன்பு கல்வி கற்ற இளைஞனொருவன் பழுதுபட்ட கைத்தொலைபேசிகளைத் திருத்தி வருகின்றான். அண்மையில் அங்கு சென்றிருந்தோம். எள்ளளவான சிப் ஒன்றைச் சாவணத்தால் பற்றியெடுத்தவன், “மணலிலையிருந்துதானே இதைச் செய்யிறாங்கள்? எங்கட நாட்டிலை செய்யேலாதோ, மாஸ்டர்?” என்று கேட்டான். உடனே விடையளிக்க நம்மால் இயலவில்லை.

வாசல் ஒருமுறை திறந்ததுண்டு. 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியது. எண்பதுகளின் ஆரம்பத்தில் மோட்டோரோலா, ஹரிஸ் என்னும் இரு அமெரிக்க நிறுவனங்கள் அங்கே குறைகடத்திச் சிப்புகளைப் பொருத்தும் ஆலைகளை அமைக்க முன்வந்தன. 1983 யூலையில் இதே வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்தன. வாக்காளர் இடாப்பைக் கையிலேந்தி வந்தோர் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தொழிற்சாலைகளையும் தேடித்தேடிக் கொளுத்தினர். கலவரத்தின் பின் அவ்விரு நிறுவனங்களும் விலகிக்கொண்டன.

1972இல் இன்டெல் நிறுவனம் காலூன்றிய பினாங்கிலும் தொழில் வெறும் பொருத்தும் வேலையாகவே ஆரம்பித்தது. குறைந்த கூலிக்கு இளம் பெண்களின் கண்ணொளியை உறிஞ்சிய வேலை அது. அதனைப் பொற்காலமென நாம் போற்றப்போவதில்லை. ஆயினும் அங்கே தொழிலாளரும் பொறியியலாளரும் தலைமுறை தலைமுறையாகத் திறனைச் சேர்த்தனர். சிப்புகளைப் பொருத்திச் சோதிக்கும் உலகப் பணியில் ஏறத்தாழ 13 வீதம் இன்று மலேசியாவின் பங்காகும். நாம் இழந்தவை இரண்டு ஆலைகள் மாத்திரமல்ல. திறன் சேர்ந்திருக்கக்கூடிய நாற்பது ஆண்டுகளுமன்றோ!

முதலீட்டாளருக்கு வரிச்சலுகை அளித்தால் இழந்ததை மீட்கலாம் என்போர் உளர். முன்னணிச் சிப் ஆலை ஒன்றை நிறுவ ஆயிரம் கோடி டொலருக்கு மேல் தேவை. கணமும் தடைப்படாத மின்சாரமும் துளி மாசுமற்ற நீரும் தேவை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் இருளில் கிடந்த நாடு நம்முடையது. ஆகவே வடிவமைப்பிலும் பொருத்தலிலும் சோதனையிலுமே நாம் தொடங்க முடியும். அதற்கு வேண்டிய மூலதனம் மனிதரே. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல் கற்று வெளியேறும் மாணவருக்கு ஆற்றல் குறைவில்லை. ஆனால் அவர்களிற் பலர் விமானம் ஏறிவிடுகின்றனர். அன்று தமிழர் உயிருக்கஞ்சிச் சென்றனர். இன்று சிங்கள இளைஞரும் பிழைப்பைத் தேடிச் செல்கின்றனர். இனவெறியை வளர்த்து ஆட்சி நடத்தியோர் ஈற்றில் இரு இனத்தாரின் பிள்ளைகளையும் நாடற்றவராக்கினர்.

அச்சமின்றி வாழவும், சங்கம் அமைத்து நியாயமான கூலி கேட்கவும் உரிமையுள்ள நாட்டிலேதான் திறமை தங்கும். 1983க்கு நீதி வழங்காத அரசு, எவ்வினத்து இளைஞனை நோக்கி “இங்கேயே இரு” என்று கூறமுடியும்?

“செய்யலாம், தம்பி, ஆனால் அதற்கு நீ இங்கே இருக்கவேண்டும்” என்றோம். அவன் சிரித்தான். கனடாவுக்கு விண்ணப்பித்திருக்கிறானாம்.