உயிரைக் கொடுக்கலாம், உறவைச் சொல்லக் கூடாது

சாவிலும் தள்ளிவைக்கப்படுவது என்னவென்று நமக்குத் தெரியும். பிணம் தூக்கிப் போகப் பாதை கேட்டு நின்றவர்கள் நாம். அதனால்தான் டோனா ஜான்சனின் கதை நம்மை உலுக்கியது.

2012 அக்டோபரில் ஆப்கானிஸ்தானில் தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்ட அமெரிக்கப் படைவீரர் அவர். மனைவி ட்ரேசியும் படைவீரரே. ஆனாலும் சாவுச் செய்தியோடு அதிகாரிகள் ட்ரேசியின் வாசலுக்கு வரவில்லை. ஒருபால் ஈர்ப்பாளர்கள் படையில் வெளிப்படையாக இருக்க 2011-லேயே அனுமதி கிடைத்தாயிற்று; அவர்கள் திருமணத்தை மட்டும் நாட்டின் சட்டம் ஏற்கவில்லை. 2013 ஜூனில்தான் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டப்பிரிவைச் செல்லாது என்றது.

மகார்களைப் போரில் பயன்படுத்திவிட்டு, பிறகு சேர்க்க மறுத்தது பிரிட்டிஷ் இந்திய ராணுவம். அந்த வலி நமக்குப் புதிதல்ல. ஆனால், நம் சேரியில் இப்படியொரு இணை வந்து நின்றால் நாம் வாசல் திறப்போமா? அதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.