தீபாவளிக்கு வீடு ஒழிக்கிறவர்களுக்கு: எந்தச் சாமானுக்கு எந்த இடம்?



தீபாவளி நெருங்குது. எல்லார் வீட்டிலும் அலமாரி, பரண், சாமி மேடை எல்லாம் ஒழித்துச் சுத்தம் பண்ணுகிற நேரம். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படித்துவிட்டு குடும்ப வாட்சாப்பிலும் போட்டு விடுங்கள்.

ஒவ்வொரு வருஷமும் இந்த நேரத்தில் நம் கோயில் அரசமரத்தடியில் சாமான் வந்து சேரும். முதலில் கண்ணாடி போட்ட சாமி படம் ஒன்று சாய்ந்திருக்கும். மறுநாள் நாலு படம். அப்புறம் கால் உடைந்த விளக்கு, பழைய காலண்டர், டியூப் லைட். போன வருஷம் ஒரு டிவியும் மெத்தையும்கூட வந்தது. மெத்தைக்கும் அம்பாளுக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. மழை பெய்தால் அதிலெல்லாம் தண்ணி நிற்கும், கொசு வரும். கண்ணாடி உடைந்து, கூட்டிப் பெருக்கின ஒரு தம்பிக்கு உள்ளங்கையில் நாலு தையல்.

இது கோபத்தில் எழுதுவது இல்லை. ஏன் இங்கே வைக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு அம்மா வந்தார். வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம். கையில் ஒரு அட்டைப்பெட்டி. அவர் தினமும் கும்பிட்ட முருகன் படம், மூக்குக் கண்ணாடி, பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், இன்சுலின் ஊசிகள், ஒரு பழைய கைப்பேசி, எல்லாம் ஒன்றாக. "தூக்கிப் போட மனசு வரலப்பா, சாமிகிட்ட வச்சுட்டுப் போறேன்" என்றார். அவரிடம் யாரால் வேண்டாம் என்று சொல்ல முடியும்? வாங்கி வைத்தோம். ஆனால் அம்மா போன பிறகு அந்தப் பெட்டியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதில் இருந்த ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்துக்குப் போக வேண்டியது. அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டிருந்தால் அந்த ஊசி லோரியில் வேலை செய்கிறவர் கையில்தான் ஏறியிருக்கும்.

சிலர் கேட்பார்கள், "ஜெலுத்தோங்கிலேயே குப்பைமேடு இருக்கே, நேரா அங்கே கொண்டு போய்ப் போட்டால் என்ன?" துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் போகும்போது கடலோரம் தெரிகிற அந்த மேடுதான். அது வீட்டுக் குப்பைக்கு இல்லீங்க. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே வீட்டுக் குப்பை அங்கே போவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வீடு இடித்த கல், மண், பலகை, வெட்டின மரம், செடி கொடிதான். நம் வாசலில் லோரி எடுக்கிற குப்பை பத்து மவுங் மாற்று நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கடலுக்கு அந்தப் பக்கம், நிபோங் திபால் வட்டாரத்தில் இருக்கிற புலாவ் பூரோங்குக்குப் போகுது.

2022 ஜனவரி மாதம் அந்த மேடு பற்றி எரிந்தது யாருக்கும் மறந்திருக்காது. துணி காயப்போட முடியவில்லை, சன்னல் திறக்க முடியவில்லை, வயசானவர்கள் இருமிக்கொண்டே இருந்தார்கள். தீயணைப்புக்காரர்கள் நாள் கணக்கில் போராடினார்கள். குப்பைமேட்டுத் தீ மேலே தண்ணி அடித்தால் அணையாது. உள்ளே மக்கின பொருளிலிருந்து மீத்தேன் வாயு வரும், பழைய பலகை அடியில் கனன்றுகொண்டே இருக்கும். மண்வாரி இயந்திரம் வைத்துக் கிளறி, நனைத்து, மண் போட்டு மூட வேண்டும்.

இன்னொரு ஊர்க் கதையும் சொல்ல வேண்டும். கொழும்பில் மீதொட்டமுல்ல என்ற இடத்தில் பெரிய குப்பைமேடு. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று அது சரிந்து பக்கத்து வீடுகள் மேல் விழுந்தது. 30 பேருக்கு மேல் இறந்து போனார்கள். பண்டிகைக்கு வீட்டோடு இருந்தவர்கள்.

எங்களில் பலர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள். அங்கே மின் கழிவுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று நம்பர் உண்டு. 2005 சட்டம் அது. பாதரசம் உள்ளதுக்கு வேற நம்பர். லேபல் ஒட்டி, பதிவு பண்ணி, 180 நாளுக்குள் லைசென்ஸ் உள்ள இடத்துக்கு அனுப்பியாக வேண்டும். ஒரு பெட்டி கணக்கில் குறைந்தாலும் ஆடிட் வருகிறவர் விடமாட்டார். அதே ஆள் வீட்டுக்கு வந்தால் பழைய போன் பேட்டரியை மீன் முள்ளோடு சேர்த்து ஒரே பையில் கட்டிப் போடுகிறார்! வீட்டில் ஆடிட் இல்லை, அவ்வளவுதான்.

சாமி படத்துக்கு வருவோம். படத்தைக் குப்பையில் போட்டால் பாவம் என்று பயப்படுகிறார்கள். நம் சாஸ்திரத்திலேயே இதற்கு வழி இருக்கு. பழுதான விக்கிரகம் மரமானால் தீயில் இடுவது, கல்லானால் ஆழமான நீரில் விடுவது, உலோகமானால் உருக்குவது. பொருளைப் பார்த்துத்தான் வழி சொல்லியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே மரத்தடியில் வை என்று யாரும் சொல்லவில்லை. கண்ணாடியும் ஆணியுமாகக் கடலில் விடுவதும் சரியில்லை, நாளைக்கு அதே கரையில் யாரோ வெறுங்காலோடு நடப்பார்கள்.

படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றுங்கள். தாளை மட்டும் ஒரு துணியில் சுற்றி ஐயரிடம் கொடுங்கள், மந்திரம் சொல்லி அவர் முறையாகச் செய்வார். வீட்டு வாசலில் நீங்களே கொளுத்த வேண்டாம். கண்ணாடி உடையாமல் இருந்தால் மறுசுழற்சிக்குப் போகும். உடைந்திருந்தால் தாளில் நன்றாகச் சுற்றி, மேலே "காச்சா" என்று பெரிசா எழுதிப் போடுங்கள். களிமண் பிள்ளையாரை வாளித் தண்ணியில் கரைத்துச் செடிக்கு ஊற்றலாம். பித்தளை, செம்பு இரும்புக்கடைக்கு. அது உருக்கத்தான் போகுது, அதில் குறை ஒன்றும் இல்லை.

அந்த அம்மாவின் பெட்டியில் இருந்த மாத்திரையை அரசாங்க மருத்துவமனை மருந்துக் கவுண்டரில் திருப்பிக் கொடுத்தோம். அப்படிக் கொடுக்கலாம் என்பதே நிறைய பேருக்குத் தெரியாது. சிங்கில் ஊற்றாதீர்கள், கழிவறையில் கொட்டாதீர்கள். ஊசியை மட்டும் தடித்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, மூடியை டேப் ஒட்டி, நீங்கள் மருந்து எடுக்கிற கிளினிக்கில் கேட்டுக் கொடுங்கள்.

போன், பேட்டரி, டியூப் லைட், ரேடியோ இதெல்லாம் வீட்டுக் குப்பையோடு சேரக்கூடாது. பேட்டரி நசுங்கினால் லோரிக்குள்ளேயே தீப்பிடிக்கும். வீட்டு மின்கழிவை எடுக்கிறவர்கள் யார் என்று ஜபாத்தான் ஆலாம் செகித்தாரிடம் பட்டியல் இருக்கு. மெத்தை, அலமாரிக்கு மாநகர் கழகத்துக்குப் போன் பண்ணி உங்கள் வட்டாரத்தில் எப்போது எடுப்பார்கள் என்று கேளுங்கள். பிளாட்டில் இருப்பவர்கள் மேனேஜ்மென்ட் ஆபீசில். பினாங்கில் 2016 ஜூன் முதல் வீட்டிலேயே பிரித்துப் போட வேண்டும் என்பது விதி. தாள், போத்தல், டின் எல்லாம் தனி. சூ சி பௌத்த அமைப்புக்காரர்களைப் பாருங்கள், வயசான பாட்டிமார் உட்கார்ந்து போத்தல் மூடியைத் தனியாகக் கழற்றிப் பிரிக்கிறார்கள். அவர்களுக்கு அதுவும் ஒரு பூஜை. நம் ஆட்கள் அன்னதானத்துக்கு அண்டா தூக்கச் சொன்னால் ஓடி வருவார்கள், சாப்பிட்ட தட்டைப் பிரிக்கச் சொன்னால் செருப்பைத் தேடுவார்கள்.

அந்த முருகன் படத்தை நாங்கள் ஐயரிடம் கொடுக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து, பின்பக்க அட்டையை மாற்றி, அந்த அம்மா வீட்டிலேயே கொண்டு போய்க் கொடுத்தோம். படத்தில் ஒரு பழுதும் இல்லை. அம்மா வாங்கி, பழைய ஆணியிலேயே மாட்டினார்.

வரும் மூன்று ஞாயிற்றுக்கிழமையும் காலை பூஜை முடிந்து மண்டபத்துக்குப் பின்னால் நாங்கள் இருப்போம். படம் கழற்ற, சாமான் பிரிக்க உதவி செய்கிறோம். வயசானவர்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டாம், சொன்னால் வீட்டுக்கே வருகிறோம். மெத்தை மட்டும் வேண்டாம், கையெடுத்துக் கும்பிடுகிறோம் 🙏 கையுறை எங்களிடம் இருக்கு. ஸ்குரூ டிரைவர் உள்ளவர்கள் கொண்டு வாங்க, போன வருஷத்தது எங்கே போனது என்று தெரியவில்லை.