மைலேஜ் நோட்டு

வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் பெரும்பாலானவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது?”

“எந்த ரோட்டுல கேக்கீங்க?” என்று நான் திருப்பிக் கேட்பேன். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் மைலேஜைச் சொல்ல முடியாது. இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் ஒரு கோடு போட்ட நோட்டு.

2012-இல் டிசையர் டீசல் வாங்கினேன். கம்பெனி கொடுத்த தாளில் லிட்டருக்கு 23.4 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. முதல் மாதம் எனக்குக் கிடைத்தது பத்தொன்பது சொச்சம். ஏமாந்துவிட்டோமோ என்று இரண்டு மூன்று நாள் தூக்கம் வரவில்லை. கடன் தவணை கட்டுகிறவனுக்கு லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. அன்றைக்கு வாங்கிய நோட்டு இப்போது நான்காவது நோட்டாக ஓடுகிறது. தேதி, ஓடோமீட்டர், எத்தனை லிட்டர், எந்த ஊர், எத்தனை பேர், ஏசி உண்டா, கடைசியில் ‘குறிப்பு’. இதுவரை 3,28,000 கிலோமீட்டர், 17,000 லிட்டர். வகுத்தால் 19.3 வருகிறது.

முதலில், அளப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒரு லிட்டர் ஊற்றி, வண்டி நிற்கிற வரை ஓட்டிப் பார்ப்பது அளவே இல்லை. டீசல் வண்டியில் டேங்க் வறண்டு லைனில் காற்று ஏறினால் அது வேறு வேலை வைக்கும். டேங்கை நிரப்ப வேண்டும். நாஸில் முதல் தடவை தானாகக் கட் ஆனதும் நிறுத்தச் சொல்ல வேண்டும். “ரவுண்டா போட்டுரவா அண்ணாச்சி?” என்று பங்க் தம்பி கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். அடுத்த முறையும் அதே பங்க், அதே பம்பு, வண்டி நிற்கும் தரையும் அதே தரை. ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் ஓடியபின் நிரப்பினால், கட் ஆவதில் அரை லிட்டர் முன்பின் இருந்தாலும் கணக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் பிசகாது. நூறு கிலோமீட்டரில் நிரப்பினால் அதே அரை லிட்டர் கணக்கையே கவிழ்த்துவிடும்.

ஓடோமீட்டரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது எண்ணுவது சக்கரம் சுற்றிய சுற்றுகளைத்தான். புது டயரின் பட்டன் ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தால் சக்கரத்தின் ஆரம் அவ்வளவு குறையும். முந்நூற்றுப் பத்து மில்லிமீட்டர் ஆரத்தில் அது கிட்டத்தட்ட இரண்டு சதவீதம். ஓடாத தூரத்தை மீட்டர் ஓடியதாகக் காட்டும். தேய்ந்த டயரில் மைலேஜ் கூடியதுபோல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதனால்தான் வருடத்துக்கு ஒரு தடவையாவது ஐம்பது மைல்கல் எண்ணி ஓடோமீட்டரோடு ஒத்துப் பார்க்கிறேன்.

சராசரி போடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. முந்நூறு கிலோமீட்டருக்கு 20 கிடைத்தது, அடுத்த முந்நூறுக்கு 15 கிடைத்தது என்று வையுங்கள். சராசரி 17.5 என்று வாய் சொல்லும். ஆனால் முதலில் செலவானது 15 லிட்டர், பிறகு 20 லிட்டர். அறுநூறை முப்பத்தைந்தால் வகுத்தால் 17.1தான். மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுப்பதே கணக்கு.

சரி, அந்த 23.4 எங்கிருந்து வந்தது? பொய்யா? பொய் இல்லை. நம் நாட்டில் கார்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் நிறுவனங்களில் முக்கியமானது புனேயில் இருக்கும் ஏஆர்ஏஐ. அந்தச் சோதனையில் வண்டி இடத்தை விட்டு நகராது. முன்சக்கரங்கள் உருளைமேல் சுற்றும். எந்த விநாடியில் என்ன வேகம் என்று திரையில் ஒரு கோடு ஓடும். டிரைவர் அந்தக் கோட்டை ஒட்டியே ஓட்டுவார். சுமார் இருபது நிமிடம், பத்துக் கிலோமீட்டர் சொச்சம். உச்ச வேகம் 90. ஏசி அணைத்திருக்கும். புகையைப் பைகளில் பிடித்து, அதில் இருக்கும் கார்பனைக் கணக்கிட்டு, எவ்வளவு டீசல் எரிந்தது என்று சொல்வார்கள். எரிந்த டீசலின் கார்பன் புகையில்தானே வந்தாக வேண்டும்? முறை துல்லியமானது. இரண்டு வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் நல்ல எண். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நெரிசல் கிடையாது, ஆடிக் காற்று கிடையாது, கேரியரில் இருமுடிப் பைகள் கிடையாது.

என் நோட்டில் இருப்பவை அவைதான். எங்கள் தேவதானத்திலிருந்து தென்காசிக்கு சுமார் 45 கிலோமீட்டர். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று மலையை வலக்கைப் பக்கம் வைத்துக்கொண்டே போகும் சாலை. மாசியில் காலை ஆறு மணிக்கு நான் மட்டும் ஏசி போடாமல் எழுபதில் போனால் 23 கிடைத்திருக்கிறது. கம்பெனி சொன்ன எண்ணைத் தொட்டுவிட்ட நாட்கள் அவை. அதே சாலையில் ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போனால் கதை வேறு. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்ந்து வந்து முகத்தில் அடிக்கும். இத்தனை காற்றாலைகள் அந்தப் பக்கம் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். எழுபதில் போகும் வண்டிக்கு எதிரே முப்பதில் காற்று வந்தால், காற்றைப் பொறுத்தவரை வண்டி நூறில் போகிறது. திரும்பி வரும்போது அதே காற்று முதுகைத் தள்ளும், ஆனால் போகும்போது எடுத்த டீசலை முழுதாகத் திருப்பித் தராது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பதே காரணம். எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் வேகம் கூடுவது கால் பங்கு. தடை கூடுவது பாதிக்கும் மேல்.

மதுரை விமான நிலையத்துக்கு நான்கு பேர், பெட்டிகள், ஏசி: 20. கார்த்திகை, மார்கழியில் செங்கோட்டை, புனலூர் வழியாக நிலக்கல்: 17. ராஜபாளையத்துக்குள்ளேயே ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பஸ் ஸ்டாண்ட் என்று சுற்றும் நாட்களில் 15. குடிநீருக்கும் பாதாளச் சாக்கடைக்கும் தெருக்களைத் தோண்டிப் போட்டிருந்த காலத்தில் 14-ம் வந்தது. ஆடிப்பூரத் தேர் அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லையில் ஒரு மணி நேரம் ஊர்ந்தால் கணக்கெழுதவே மனம் வராது, ஆனாலும் எழுதிவிடுவேன். ஒரே வண்டி, ஒரே டிரைவர், 14-இலிருந்து 23 வரை. “எந்த ரோட்டுல?” என்று கேட்பது இதனால்தான்.

காலின் பழக்கமும் இதில் உண்டு. இந்த 1248 சிசி இன்ஜின் ஃபியட்டின் பிள்ளை. மாருதி, டாடா, ஃபியட், செவ்ரோலே என்று இத்தனை கம்பெனி வண்டிகளில் ஓடியதால் ‘தேசிய இன்ஜின்’ என்றே பெயர் வாங்கியது. இரண்டாயிரம் சுற்றுக்குக் கீழே டர்போ முழுதாக விழிக்காது. அங்கே பெரிய கியரில் வைத்து மிதித்தால் இன்ஜின் திணறும், டீசல் வீணாகும். முன்னே போகும் லாரியின் பிரேக் விளக்கைத் தூரத்திலேயே பார்த்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பவன்தான் டீசலை மிச்சம் பிடிக்கிறான். எடுத்தபின் கியரிலேயே விட வேண்டும். கியரில் உருளும்போது இன்ஜினுக்கு டீசல் போவதையே கம்ப்யூட்டர் நிறுத்திவிடும். மலை இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்கள் மிச்சம் பிடிப்பதாக நினைக்கிறார்கள். உண்மையில் ஐடிலிங்குக்கு டீசலும் போகிறது, பிரேக்கும் சூடாகிறது. அந்தப் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

நோட்டு எனக்குச் செய்த பெரிய உபகாரம் ஒன்று உண்டு. ஒரு சமயம் மூன்று தடவை நிரப்பியதில் மதுரைக் கணக்கு 20, 18.6, 17.4 என்று படியிறங்கியது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சர்வீஸுக்கு விட்ட இடத்தில், “பழைய வண்டிண்ணே, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரு நாள் மதுரையிலிருந்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்று வெதுவெதுப்பாக இருந்தன. முன் இடது சக்கரத்தில் கையை வைக்க முடியவில்லை. கருகிய வாடையும் லேசாக வந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றது. காலிபர் பின் துருப்பிடித்து இறுகி, பிரேக் பேடு டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. கழற்றித் துடைத்து, கிரீஸ் வைத்து, பேடு மாற்றினேன். அடுத்த நிரப்பலில் 19.8. மெக்கானிக்குக்கும் எனக்கும் தெரியாததை நோட்டு மூன்று வாரம் முன்பே சொல்லியிருந்தது. பேச்சிப்பாறை, குமரி என்று குழந்தைகளோடு போகும் வண்டி; மலை இறக்கத்தில் அந்தப் பிரேக் என்ன செய்திருக்கும் என்று நினைத்தால் இன்றும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றும் நோட்டில் கற்றது. 22-ஐ 25 ஆக்குவதைப் பெரிய சாதனையாகப் பேசுகிறோம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அது மிச்சம் பிடிப்பது ஐந்தரை லிட்டர். 15-ஐ 18 ஆக்கினால் மிச்சம் பதினோரு லிட்டர். மூன்று கிலோமீட்டர்தான் இரண்டும். பலன் இரண்டு மடங்கு. ஐரோப்பாவில் நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகச் சொல்வது இதனால்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஊருக்குள் ஓடும் மோசமான கிலோமீட்டர்களைத் திருத்துவதில்தான் பணம் இருக்கிறது.

அந்த ஐரோப்பாவிலும் தாளுக்கும் தரைக்கும் ஒத்துப்போகவில்லை. ஐசிசிடி என்ற ஆய்வு அமைப்பு லட்சக்கணக்கான வண்டிகளின் உண்மைச் செலவைத் திரட்டியது. 2001-இல் சுமார் 9 சதவீதமாக இருந்த இடைவெளி 2015-இல் 42 சதவீதம் ஆகியிருந்தது. சோதனையின் சலுகைகளைக் கம்பெனிகள் நன்றாகப் படித்துக்கொண்டன என்பதே அதன் பொருள். 2017 செப்டம்பரிலிருந்து பழைய சோதனைக்குப் பதிலாக, டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான சோதனையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பு ஃபோக்ஸ்வாகன் டீசல் புகை மோசடி அம்பலமானதும், வண்டியை ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே சாலையில் ஓட்டி அளந்ததால்தான். நம் நாட்டிலும் 2023 ஏப்ரலிலிருந்து புகையைச் சாலையில் ஓட்டி அளக்கும் விதி வந்துவிட்டது. மைலேஜுக்கு அந்த விதி இல்லை. 2017-இல் வந்த புது டிசையர் டீசலுக்குத் தாளில் போட்டிருந்த எண் 28.4. அந்த எண்ணைப் பார்த்து, மாதம் அறுநூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்கள் பெட்ரோலைவிட லட்சம் ரூபாய் அதிகம் கொடுத்து டீசல் வாங்கினார்கள். நல்ல வண்டிதான், அவர்கள் போட்ட கணக்குத்தான் தப்பு.

2020-இல் பிஎஸ் 6 புகை விதி வந்ததோடு மாருதி டீசலை நிறுத்தியது. மற்றவர்களில் பெரும்பாலானவர்களும் சின்ன டீசல் கார்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டார்கள். அடுத்து நான் வாங்குவது சிஎன்ஜியாகவோ மின்சாரக் காராகவோ இருக்கலாம். அதற்கும் கிலோவுக்கு இத்தனை, ஒரு சார்ஜுக்கு இத்தனை என்று ஒரு தாள் வரும். அதை ஏறக்குறைய ஐந்தில் நான்காக எடுத்துக்கொண்டு கடன் கணக்குப் போடுவேன். 23.4-க்கு எனக்குக் கிடைத்த 19.3 அந்தக் கணக்கில்தான் வருகிறது. இத்தனை வருடத்தில் இரண்டுக்கும் இடையே போனது கிட்டத்தட்ட மூவாயிரம் லிட்டர் டீசல்.

புது வண்டி வாங்க யோசனை கேட்டு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். தாளில் போட்ட எண்ணை வைத்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள். அதை வைத்துத் தவணையைத் தீர்மானிக்காதீர்கள். வண்டியோடு சேர்த்து ஒரு நோட்டும் வாங்குங்கள். ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் ஒரு வரி எழுதுங்கள், குறைந்த எண் வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். ஆறு மாதத்தில் உங்கள் வண்டியின் உண்மையான மைலேஜ் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.