வீதியைக் கேட்டார்களா?

கோயிலை நடுவில் வைத்து வளர்ந்த ஊர் ஸ்ரீரங்கம். மலையை நடுவில் வைத்து வளர்ந்த ஊர் திருச்சிராப்பள்ளி. ஆலையை அருகில் வைத்து வளர்ந்த ஊர் எங்கள் கைலாசபுரம்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் சாலையில் திருவெறும்பூரைத் தாண்டினால் இவ்வூர் வந்துவிடும். 1960-களில், செக்கோஸ்லோவாக்கிய தேசத்தின் தொழில் உதவியுடன், பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை இங்கே எழுந்தது. அதில் உழைப்பவர்களுக்காக அமைந்ததே கைலாசபுரம். மரநிழல் படிந்த வீதிகள், ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள், பள்ளிக்கூடங்கள், ஆஸ்பத்திரி, விளையாட்டு மைதானம். மாலை ஆறு மணிக்கு வயோதிகர்கள் கைத்தடியுடன் உலாவப் புறப்படுவார்கள். எட்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் தாளிக்கும் வாசனை. ஒன்பதரை மணிக்குமேல் வீதியில் ஏதாவது சத்தம் கேட்டால், யார் வீட்டிலோ யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அக்கம்பக்கத்தார் எழுந்து வருவார்கள். அவ்வளவு நிசப்தம்!

இந்த நிசப்தம் நாங்கள் சம்பாதித்தது அல்ல; எங்களுக்குக் கொடுக்கப்பட்டது. நகரியத்தில் எந்த இடத்தில் எந்தக் கடை வரலாம் என்பதை ஆலை நிர்வாகமே தீர்மானிக்கிறது. ஆகையால், “என் வீட்டு எதிரே இன்ன கடை வரலாமா?” என்று கேட்கவேண்டிய அவசியம் எங்களுக்கு ஏற்பட்டதில்லை. அவசியம் இல்லாத இடத்தில் பழக்கமும் இல்லை. இந்தச் சிறு விஷயத்தின் முக்கியத்துவம் சென்ற விடுமுறையில் பெங்களூருக்குப் போய் வந்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

கைலாசபுரத்தின் கிளை

ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர் குடியிருப்பின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சிலர் திருவெறும்பூர்ப் பக்கம் சொந்த வீடு கட்டிக் கொள்கிறார்கள். வேறு சிலர், கணினி உத்தியோகம் பார்க்கும் பிள்ளையிடமோ பெண்ணிடமோ பெங்களூர் போய்ச் சேருகிறார்கள். கைலாசபுரத்துக்கு அந்த மாநகரத்தில் ஒரு கிளை இருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. என்னிடம் பத்தாம் வகுப்பில் கணிதம் படித்த மாணவன் ஒருவன் அங்கே இந்திராநகரில் குடியிருக்கிறான். அவன் பெற்றோரும் இப்போது அவனுடன்தான். அவர்களைப் பார்க்கவே நான் போனேன்.

இந்திராநகரும் ஒரு காலத்தில் நம் கைலாசபுரத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரிதான். அதன் ஒரு பகுதிக்கு இன்றும் விலாசத்தில் ‘எச்.ஏ.எல். இரண்டாம் கட்டம்’ என்றே பெயர். பக்கத்திலுள்ள விமானத் தொழிற்சாலையின் பெயர் அது. தொழிற்சாலைகளிலும் ராணுவத்திலும் பணிபுரிந்தவர்கள் ஓய்ந்து அமர்வதற்கு ஏற்ற இடமாக இருந்தது. தோட்டம் வைத்த தனி வீடுகள், வாசலில் பூமரங்கள். பிறகு நூறடிச் சாலை கடைவீதி ஆயிற்று. 2011 அக்டோபரில் மெட்ரோ ரயில் வந்தது. தோட்ட வீடுகள் துணிக்கடைகளாயின. துணிக்கடைகள் உணவு விடுதிகளாயின. உணவு விடுதிகளின் நடுவே, பீரைத் தாங்களே காய்ச்சி விற்கும் மதுக்கூடங்கள் முளைத்தன. 2010-ல் திறந்த ‘டாய்ட்’ என்பது அவற்றில் முந்தியவற்றுள் ஒன்று. அதற்கு முந்திய ஆண்டே பூனா நகரில் ‘டூலாலி’ என்ற பெயரில் ஒன்று தொடங்கியிருந்தது.

இவ்வகைப் பானத்துக்குக் ‘கிராஃப்ட் பீர்’ என்று பெயர் சொல்லுகிறார்கள். பெரிய ஆலையில் புட்டியில் அடைத்து ஊர் ஊராய் அனுப்பாமல், சிறு அளவில், கடையிலேயே காய்ச்சுவது. செய்முறை நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதாக இராது. கேழ்வரகை முளைகட்டி உலர்த்துவது போலப் பார்லியை முளைகட்டி உலர்த்தி உடைக்கிறார்கள். சுமார் 65 டிகிரி சூட்டில் வெந்நீரில் ஊறவைத்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. வடித்த சாற்றை ‘ஹாப்’ என்னும் ஒரு கொடியின் கசப்புப் பூவுடன் கொதிக்கவைத்து, ஆறியபின் ஈஸ்டைச் சேர்க்கிறார்கள். தோசை மாவு புளிப்பது போலவே இதுவும் நுரைத்துப் பொங்குகிறது. ஆனால் இங்கே சர்க்கரை மதுவாகிறது. கொதிகலன் ஆலையில் முப்பத்தைந்து வருஷம் பற்றவைப்பு வேலை பார்த்த என் மாணவனின் தகப்பனார், கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பளபளக்கும் அந்தக் கலங்களைப் பார்த்துவிட்டு, “பற்றவைப்பு நன்றாய்த்தான் இருக்கிறது, ஸார்” என்று நற்சாட்சிப் பத்திரம் கொடுத்துவிட்டார்!

ஒரு வீடு, நான்கு கட்சி

அவர்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கட்டிடத்தில் அவ்வாறான மதுக்கூடம் ஒன்று புதிதாகத் திறந்திருந்தது. நான் மது அருந்துவதில்லை. அருந்துவோரைத் திருத்தும் உத்தியோகமும் எனக்குக் கிடையாது. ஆனால் அந்த ஒரு கடையைப் பற்றி ஒரே வீட்டில் எத்தனை அபிப்பிராயங்கள் இருக்கக்கூடும் என்பதைக் கேட்கக் கேட்க ஆச்சரியமாயிருந்தது.

பெரியவருடைய கட்சி சத்தத்தைப் பற்றியது. “பீரை யார் குடித்தால் எனக்கென்ன, ஸார்? நான் ஆலைச் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்தவன். ஆனால் அந்தச் சத்தம் ஆலை வாசலோடு நின்றுவிடும். இது படுக்கை அறைக்குள் வந்துவிடுகிறதே!” என்றார். சனிக்கிழமை இரவு நானே கேட்டேன். பாட்டு கேட்கவில்லை, அதன் மத்தள ஒலி மட்டும் சுவர் வழியாக வந்து நெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தது.

அம்மாளுடைய கட்சி வாசலைப் பற்றியது. காலையில் கோலம் போடும் இடத்தில் மாலையில் அந்நியர்களின் மோட்டார் கார் நிற்கிறது. தள்ளுவண்டியில் கீரை கொண்டுவந்தவளுக்கு நிற்க இடமில்லை. அவள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். “கீரைக்காரியை விரட்டிவிட்டு என்ன நாகரிகம் வேண்டியிருக்கிறது?” என்று கேட்டார்.

மருமகளின் கட்சி நேர் எதிர். “நம்மூர் டாஸ்மாக் கடை வாசலில் ஒரு பெண் நின்றால் ஊர் என்ன சொல்லும், ஸார்? இங்கே நானும் என் தோழிகளும் வேலை முடிந்து வந்து, ஒரு மேஜையில் உட்கார்ந்து, பேசிச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வருகிறோம். யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த மரியாதை பெரிது” என்றாள். அந்தப் பெண் சொன்னதை அலட்சியமாகத் தள்ள என்னால் முடியவில்லை. ஆண்கள் தெருவில் நின்று குடிக்கலாம், பெண்கள் உட்கார்ந்து பேசக்கூட இடமில்லை என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம் அல்லவே!

என் மாணவனோ இரு தரப்புக்கும் இடையில் அகப்பட்ட மத்தளம். கடை வந்ததும் வீட்டு வாடகை ஏறிவிட்டது என்பது அவன் கவலை. தெருக்காவலாளிக்கோ கடை வந்ததில் பரம திருப்தி. அவருடைய தம்பிக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது.

எல்லோரும் பேசி முடித்த பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்: “கடை திறப்பதற்கு முன்னால் உங்களை யாராவது வந்து கேட்டார்களா?” நான்கு கட்சியும் ஒரே குரலில், “இல்லை” என்றன. விளக்கு அலங்காரத்தைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் செய்தியே தெரியுமாம்.

திறந்தபின் செய்யக்கூடியது என்ன? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி, குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலி 45 டெசிபலைத் தாண்டக்கூடாது. அது தணிந்த குரலில் இருவர் பேசுவதைவிடக் குறைவான அளவு. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு இந்திராநகர்வாசிகள் போலீஸுக்கு மனுப் போட்டார்கள், சங்கம் கூட்டினார்கள், கர்நாடக உயர்நீதிமன்றம் வரை சென்றார்கள். சில கடைகள் அடங்கின. சில மீண்டும் முழங்கின. திறந்த கடையை எதிர்ப்பது, ஓடிய வண்டியின் பின்னால் ஓடுவதைப் போலத்தான்.

நம் பக்கத்துக் கதை

பேச்சு இந்த இடத்துக்கு வந்ததும் அம்மாள், “நம்ம பக்கத்துப் பெண்கள் 2017-ல் ரோட்டில் உட்கார்ந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?” என்றார். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

மதுக்கடையைப் பற்றி வீதி வாய் திறப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1921-ல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். 1937 அக்டோபரில் ராஜாஜியின் மந்திரி சபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. 1948 அக்டோபர் 2-ஆம் தேதி அது சென்னை மாகாணம் முழுவதற்கும் பரவியது. 1971-ல் தளர்ந்தது; பிறகு இறுகியும் தளர்ந்தும் வந்தது. 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையே சர்க்கார் ஸ்தாபனமான டாஸ்மாக் ஏற்றுக்கொண்டது. 2023–24-ஆம் ஆண்டில் அதனால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் ரூ. 45,000 கோடிக்கு மேல். அத்தனை பெரிய கஜானாவின் முன்னால் ஒரு தெருவின் குரல் எவ்வளவு தூரம் எடுபடும்?

2016 டிசம்பர் 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டார், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று தீர்ப்பளித்தார்கள். சாலை விபத்துக்களைக் குறைப்பது அதன் நோக்கம். 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் மூடிய கடைகள் மாயமாய் மறையவில்லை; சாலையை விட்டு ஊருக்குள் நுழையப் பார்த்தன. வயலோரத்திலும், பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் பாதையிலும், வீடுகளுக்கு நடுவிலும் புதுக்கடைக்கு இடம் தேடினார்கள். அவ்வளவுதான்! ஜில்லாவுக்கு ஜில்லா பெண்கள் குடத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு வீதிக்கு வந்துவிட்டார்கள். ஏப்ரல் 11-ஆம் தேதி திருப்பூர் ஜில்லா சாமளாபுரத்தில் நடந்த போராட்டத்தில், போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்மணியைக் கன்னத்தில் அறைந்த காட்சியைத் தேசமே பார்த்தது.

இந்திராநகரில் ஒலிமானி; சாமளாபுரத்தில் அறை. இரண்டு இடத்திலும் ஜனங்கள் கேட்டது என்னவோ ஒன்றுதான்: “எங்கள் தெருவில் எது வரலாம் என்பதில் எங்களுக்குச் சொல் உண்டா, இல்லையா?”

சட்டம் என்ன சொல்லுகிறது? 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு விதிப்படி, மதுக்கடை கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நகரத்தில் 50 மீட்டராவது, மற்ற இடங்களில் 100 மீட்டராவது தள்ளி இருக்கவேண்டும். தெய்வத்தை நினைத்தார்கள், மாணவனை நினைத்தார்கள், நல்லது. அந்த மாணவன் படித்துவிட்டுத் திரும்பிப் போய்த் தூங்குகிற வீட்டுக்கு எத்தனை மீட்டர் என்று சொல்லவில்லையே!

கேட்கும் தேசங்கள்

நம் ஆலைக்குத் தொழில் கற்பித்த தேசத்திலேயே இதற்கு ஒரு பழைய பாடம் இருக்கிறது. அத்தேசத்தில் பில்சென் என்று ஒரு நகரம். 1838-ல் அந்நகரத்தார், ஊரில் காய்ச்சிய பீர் கெட்டுவிட்டது என்று கோபங்கொண்டு, 36 பீப்பாய்களை நகர மண்டபத்தின் எதிரே தெருவில் கவிழ்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. காய்ச்சும் உரிமை பெற்ற குடிமக்கள் ஒன்றுசேர்ந்து பொதுவில் ஒரு ஆலை கட்டினார்கள். பவேரியாவிலிருந்து யோசெஃப் குரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபரில் அவர் காய்ச்சிய பொன்னிற பீர்தான் இன்று உலகமெங்கும் ‘பில்ஸ்னர்’ என்று வழங்குகிறது. அவர்கள் பீர் வேண்டும் என்றவர்கள். நம் பெண்கள் வேண்டாம் என்றவர்கள். ஆனால் தெருவில் இறங்கிச் சொல்லவேண்டியதைச் சொல்லும் உரிமை இருவருக்கும் பொது.

இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டின் சட்டப்படி, மதுக்கடைக்கு உரிமம் கேட்பவர் கடை வாசலில் 28 நாள் அறிவிப்பு ஒட்டி வைக்கவேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டார் தங்கள் ஆட்சேபத்தைத் தெரிவிக்கலாம். அவ்வளவு தூரம் போவானேன்? நம் மகாராஷ்டிரத்தில், ஒரு கிராமத்திலோ வார்டிலோ பெண் வாக்காளர்களில் கால்வாசிப் பேர் மனுக் கொடுத்தால், அங்குள்ள மதுக்கடையைப் பற்றி வாக்கெடுப்பு நடத்தலாம். வாக்குச் சீட்டில் இரண்டு சித்திரங்கள்: நிமிர்ந்த புட்டி ஒன்று, சாய்ந்த புட்டி ஒன்று. சாய்ந்த புட்டிக்குப் பாதிக்கு மேல் வாக்கு விழுந்தால் கடைக்குப் பூட்டு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதில் தன் தீர்ப்பைச் சொல்லிவிடலாம் அல்லவா?

இந்த ஏற்பாட்டில் மருமகளுக்கும் இடம் உண்டு, மாமியாருக்கும் இடம் உண்டு என்பதே இதன் அழகு. கடை வேண்டும் என்போர் வேண்டும் என்று சொல்லட்டும். சத்தத்துக்குச் சுவர், வண்டிக்கு இடம், இரவில் மூடும் நேரம், கீரைக்காரிக்கு அவளுடைய மூலை என்று நிபந்தனை போடுவோர் போடட்டும். அறவே வேண்டாம் என்போர் அதையும் சொல்லட்டும். எந்தப் பக்கம் தீர்ந்தாலும், தோற்றவர் தாம் கேட்கப்படாமல் தோற்கவில்லை என்று அறிவார். அயலாரோடு சமாதானமாய் வாழ்வதற்கு அது போதும்.

கிராஃப்ட் பீர்க் கடையானாலும் சரி, சர்க்கார் கடையானாலும் சரி, உரிமம் கொடுக்குமுன் வாசலில் ஒரு மாத அறிவிப்பு. தெருவில் ஒரு கூட்டம். தூரக் கணக்கில் கோயிலோடும் பள்ளியோடும் வீட்டையும் சேர்ப்பது. இந்த மூன்றும் நம் ராஜ்யத்துச் சட்டத்தில் ஏறவேண்டும். ஏறும் வரையில் நேயர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் காலியாய்க் கிடந்த கட்டிடத்துக்குத் திடீரென்று வர்ணம் பூசினால், என்ன கடை வருகிறது என்று அன்றைக்கே போய்க் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், எதிர்வீட்டாரையும் அழைத்துக்கொண்டு போங்கள். விளக்கு அலங்காரம் வருகிறவரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.